அம்மா நேர்ந்துகொண்ட இடது கை

மதுரை விமான நிலையத்துக்கு மாமா தன் ஜீப்பையே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாவின் தம்பி, சின்னையா மாமா. தினமும் போடிமெட்டுக்கு ஏலக்காட்டு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் அது. உட்கார்ந்தால் எலும்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சேதி சொல்லும். என் இடது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "அம்மாடி" என்று முனகினார். உசிலம்பட்டி வருவதற்குள் யாருக்குத் தோள் கிழிந்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போடி வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு "வா" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

என் அம்மா செல்லத்தாயி வாய் மூடி இருந்ததை எங்கள் தெருவே பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை நான் வரும்போதும் பையை வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். இளைத்துவிட்டேன், கறுத்துவிட்டேன், வெளிநாட்டில் சோறு போடுகிறார்களா இல்லை பந்தை மட்டும்தான் போடுகிறார்களா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு மட்டும் இலை போட்டாள். கறிக்குழம்பு ஊற்றினாள். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று நான் வலது கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தாள்.

"நீ சாப்பிடல?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா கிளம்பும்போது வாசலில் வைத்துக் காதோடு சொன்னார். என் தோள் விஷயம் போனில் வந்த நாளிலிருந்து அக்கா ஒருபொழுது இருக்கிறாளாம். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், அதுவும் உப்பில்லாத கஞ்சி. கேட்டால் வைகிறாளாம். அதோடு மலைக்கு வேலைக்கும் போகிறாள், சரிவில் இரண்டு தரம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்றார்.

தோளைப் பற்றிக் கொஞ்சம்

போன வாரம் இந்தத் தொடரைத் தோள் கிழிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். பலர் விசாரித்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், தோள் பிற்பாடு முக்கால்வாசி ஆறியது. இன்னும் இரண்டு பருவம் ஆடவும் ஆடினேன். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் கை தலைக்கு மேலே எழும்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நான் ஹேண்ட்பால் ஆடுகிற ஹங்கேரி கிளப்பில் பக்குவமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பக்குவமாகப் பேசினால்தான் பயம்.

நடந்தது இவ்வளவுதான். கோலுக்கு எறிய ஓங்கிய கையை எதிரணி ஆள் ஒருவன் பின்னாலிருந்து பிடித்துவிட்டான். நூறு கிலோ இருப்பான். உடம்பு முன்னால் போனது, கை பின்னாலேயே நின்றது. அவனுக்குச் சிவப்பு அட்டை, எனக்கு அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்து அழுதான் பாவம். நான்தான் அவனைத் தேற்றினேன்.

அம்மாவின் மௌனத்துக்கு நான் என் மனதில் ஒரு அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டேன். இந்த ஆட்டத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை, பேசாமல் இருந்தே என்னை ஊரில் நிறுத்தப் பார்க்கிறாள் என்று. எனக்குக் கோபமும் சட்டென்று வரும். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு ஊமைகளாக மூன்று வாரம் ஓடியது. அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்த ஆரம்பித்தது.

பீச்சாங்கைக்குக் கிராக்கி

பிறந்ததிலிருந்து நான் இடது கைக்காரன். எங்கள் ஊரில் அதற்கு மரியாதையான பேர் கிடையாது, பீச்சாங்கைதான்.

எனக்கு ஆறு வயது இருக்கும். அப்பா தவறிப்போன சமயம். அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டில் ஆயுத பூஜை. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தில் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். உள்ளே அடுப்புச் சூடும் ஏலக்காய் வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. மேனேஜர் என் முறை வந்ததும் பொரியை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிள்ளைக்கு எந்தக் கை என்றுகூடச் சொல்லித்தரவில்லையா, ஆம்பளை இல்லாத வீடு அப்படித்தான் வளரும் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொரி கிடைக்காத வருத்தம் மட்டும்தான்.

அன்று முதல் வீட்டில் கரண்டி ஆட்சி. இடது கை தட்டுக்குப் போனால் கரண்டிக் காம்பு விரலில் இறங்கும். சில நாள் தன் தலைத்துண்டால் அந்தக் கையை என் இடுப்போடு கட்டிவிட்டுச் சோறு போடுவாள். கட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து அவளே அழுவாள். ஒரு வருஷத்தில் வலது கையால் சாப்பிடப் பழகிவிட்டேன். எழுதவும் வந்துவிட்டது. ஆனால் மாங்காய்க்குக் கல் எறிவதென்றால் இடதுதான். அதை எந்தக் கரண்டியாலும் மாற்ற முடியவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் ஹேண்ட்பால் ஆடுகிற உலகமே வயிற்றில் அடித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் மைதானத்தின் வலது பக்கத்தில் நின்று எறிய இடது கைக்காரன் வேண்டும். அப்போதுதான் கோல் முழுசாகத் திறந்து கிடக்கும். வலது கைக்காரனுக்கு அங்கிருந்து பாதி கோல்தான் தெரியும். நல்ல இடது கைக்காரன் எங்கே கிடைப்பான் என்று ஊர் ஊராகத் தேடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் "பீச்சாங்கைக்காரன் எவன்டா இருக்கான்?" என்று கேட்டபோது அடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன்தான் காட்டிக்கொடுத்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

கை நல்லாருக்கா?

அந்தக் கை என்னை விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப்போனது. அப்புறம் கத்தார், ருமேனியா, கடைசியில் ஹங்கேரி.

கத்தாரில் அணி முழுக்க ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கேயும் சாப்பாட்டில் இடது கை படக்கூடாது. இன்னொரு நாட்டிலிருந்து வந்த இடது கைக்காரன் ஒருவன் முதல் நாளே மறந்து கையை விட்டு மானம் போய் நின்றான். நான் வலது கையால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் அம்மாவின் கரண்டி உபயம்.

ருமேனியாவில் பந்து வழுக்காமல் இருக்க விரலில் பிசின் தடவுவார்கள். குளித்தாலும் போகாது. விரல் இடுக்கெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கிடக்கும். காய் எடுத்துவிட்டு வரும் அம்மாவின் விரல்கள் அப்படித்தான் இருக்கும். ஏலக்காய்க் கறையும் லேசில் போகாது. முதல் நாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்து என் விரலையே மோந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் ஒரு மாதிரி பார்த்தான்.

மலையில் ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்குத்தான் அம்மா போனில் கிடைப்பாள். எடுத்ததும் முதல் கேள்வி, "கை நல்லாருக்கா?"

நல்லாருக்கியா என்று கேட்க மாட்டாள். கை நல்லாருக்கா. கை என்ன தனியாகவா குடித்தனம் பண்ணுகிறது, ஆளைக் கேளம்மா என்று கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். நல்லாருக்கு என்று நான் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சுக்கு வருவாள். வருஷக்கணக்காக ஒரு வாரம் தப்பாமல் கேட்டாள். சம்பாதிக்கிற கை, அதனால் கேட்கிறாள் என்று நான் விட்டுவிட்டேன். என்னைப்போல ஒரு மடையன் இருப்பானா.

சரிவில்

நான்காவது வாரம் ஒரு நாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பினாள். நானும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் பன்னிரண்டு பெண்கள், தூக்குச்சட்டிகள், வெற்றிலை வாசனை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மாமா என் தோளுக்காக ஜீப்பைத் தாலாட்டிக்கொண்டு போனார். வெரசாப் போப்பா, சோலி கெடுது என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

போடிமெட்டு தாண்டி எஸ்டேட்டில் இறங்கினோம். மேஸ்திரி கேரளத்துப் பக்கத்து ஆள். "சேச்சியோட மோன் அல்லே?" என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா சிரிக்காமல் சரிவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும். காய் மட்டும் தரையோடு சரம் சரமாகக் கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, முற்றின காயை மட்டும் எடுத்துப் பிஞ்சை விட்டுவிட வேண்டும். மழை விட்டு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் எடுத்தேன். நான் ஒரு காய் எடுப்பதற்குள் அவள் பத்து எடுத்தாள். இரண்டு கையும் ஒரே வேகம்.

எனக்குள் இருந்த கோபம் அப்போது வெளியே வந்தது. "என்னயக் கரண்டியால அடிச்ச. நீ மட்டும் ரெண்டு கையாலயும் எடுக்கிறயே" என்றேன்.

அம்மாவின் கைகள் நின்றுவிட்டன. எழுந்திருக்கப் பார்த்தாள். தலை சுற்றிச் சரிவில் சாய்ந்தாள். நான் பாய்ந்து பிடித்தேன். வலது கையோடு, நினைப்பில்லாமல் இடது கையும் கட்டுக்குள்ளிருந்து போனது. உயிர் போகிற வலி. கத்திவிட்டேன்.

அவள் என் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினாள். "அதத் தூக்காத அப்பு. அது ஒன் கை இல்ல. அத நான் அப்பவே குடுத்துட்டேன்."

செடிக்கடியில் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். பொரி கிடைக்காத அன்றைக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் குரங்கணி போகிற வழியில் உள்ள வனப்பேச்சி கோயிலுக்குப் போயிருக்கிறாள். அந்தக் கோயிலில் கால் நோவு என்றால் வெள்ளியில் கால், கண் நோவு என்றால் வெள்ளியில் கண் என்று நேர்ந்துகொண்டு போடுவார்கள். இவள் அவமானத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டிருக்கிறாள். இந்தப் பீச்சாங்கையை நீயே எடுத்துக்கொள் தாயே, வெள்ளியில் கை அடித்துப் போடுகிறேன் என்று.

அடுத்த திருவிழாவுக்குள் வெள்ளிக் கையையும் வாங்கிவிட்டாள். ஆனால் நான் வலது கையால் சாப்பிட்டாலும் இடது கையால் கல் எறிந்துகொண்டிருந்தேன். சாமி பாதி வேலைதான் செய்திருக்கிறாள், முழுசாகச் செய்யட்டும், அப்புறம் போடலாம் என்று வைத்திருக்கிறாள். அதற்குள் அந்தக் கை பந்து எறிந்து பேர் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஐயோ, இப்போது வெள்ளிக் கையைப் போட்டால் மிச்சத்தையும் எடுத்துக்கொள்வாளே என்று பயம். போடாவிட்டால் கேட்டு வருவாளே என்று அதைவிடப் பயம். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள், உள்ளே காலை வைத்ததில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கை நல்லாருக்கா என்று கேட்டிருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியது. அவசரமாக விளக்கம் சொன்னேன். நூறு கிலோ ஆள் பின்னாலிருந்து பிடித்தான், தசைநார் கிழிந்தது, டாக்டர் படம் எடுத்துக் காட்டினார் என்றேன்.

"அவனைப் பிடிக்க வச்சது யாரு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. சாமி மேல் கோபமில்லை. இத்தனை வருஷம் இவள் ஒற்றை ஆளாக இதைச் சுமந்திருக்கிறாள், நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அது தாங்கவில்லை. அவள் கறை பிடித்த கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன்.

பஞ்சாயத்து

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து பிரித்தாள். உள்ளங்கையளவு வெள்ளித் தகடு, அதில் அழுத்திய ஒரு கை. கறுத்துப்போயிருந்தது. திருப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் பார்த்தால் இடது கை, அந்தப் பக்கம் பார்த்தால் வலது கை. அம்மா வெடுக்கென்று வாங்கிச் சரியான பக்கமாக வைத்தாள்.

நேர்ந்ததைப் போட்டுவிடுவதுதான் முறை, சாமி கடனை வைக்கக்கூடாது என்றார் மாமா. போட்டால் கை போய்விடும் என்றாள் அம்மா. இருவரும் மாறி மாறி இதையே சொன்னார்கள். காபி ஆறிப்போனது.

எனக்கு ஒன்று தோன்றியது. "ஊருல எல்லாரும் எதுக்கும்மா வெள்ளிக் கால் போடுறாங்க? கால எடுத்துக்கன்னா போடுறாங்க? கால் சரியாப் போச்சுன்னுதான போடுறாங்க" என்றேன்.

அம்மா கையிலிருந்த தகட்டையே பார்த்தாள். கேட்டது தப்பு, திருப்பிக் கொடு என்று முதலில் கேட்போம். கொடுத்த பிறகு வெள்ளியைப் போடுவோம் என்றேன். மாமா தொடையில் தட்டி, வெளிநாடு போனவன் போனவன்தான் என்றார். அம்மா தகட்டைத் துணியில் மறுபடி முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்புவது என்று முடிவானது. ஜீப்பில் ஏறும்போது மாமா என்னைத் தனியாக இழுத்தார். "மாப்ளே, கூடவே நில்லு. ஒன் கைக்குப் பதிலா அவ கைய எடுத்துக்கன்னு கேக்கப் போறா. நான் அவ தம்பி, எனக்குத் தெரியும்."

வனப்பேச்சி முன்னால்

கோயில் சின்னது. பின்னால் மலை, முன்னால் ஒரு ஓடை. சூடமும் ஈர மண்ணும் கலந்த வாசனை. வாசலில் அம்மாவின் கால் தானாக நின்றது. பழக்கம். அவள் முதுகில் என் வலது கையை வைத்தேன். உள்ளே வந்தாள்.

சாமிக்கு முன்னால் கம்பியில் வெள்ளிக் கால்களும் கண்களும் கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள். உதடு அசைந்தது. மாமா சொன்னது சரிதான். "இவன் கைக்கு என் கைய" என்று எனக்குக் காதில் விழுந்தது.

"வேணாம்மா" என்றேன். "யாரு கையும் வேணாம். கேட்டது தப்புன்னு மட்டும் சொல்லு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு வாய் விட்டுச் சொன்னாள். "ஆத்தா, அன்னைக்கு ஊரு சிரிச்சுச்சுன்னு வெவரமில்லாம கேட்டுட்டேன். எம்புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவன் கைய அவனுக்கே குடுத்துரு."

பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். நான் வலது கையை நீட்டினேன். ஆறு வயதில் பழகியது, வேறெப்படி நீட்டுவேன். அம்மா அந்தக் கையைத் தாழ்த்திவிட்டாள். என் இடது கைக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்தாள். ஒரு கையை என் இடது முழங்கைக்கு அடியிலும் இன்னொன்றை மணிக்கட்டுக்கு அடியிலும் கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கினாள். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

பூசாரி தட்டைப் பின்னுக்கு இழுத்தார். "அது பீச்சாங்கைம்மா" என்றார்.

"தெரியும். இந்தக் கையிலதான் போடணும்" என்றாள் அம்மா.

அவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒரு சிட்டிகை அல்ல, கை நிறையவே போட்டார். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் திருநீற்றை மூடினாள். தோள் விண் விண் என்று தெறித்தது. நான் சொல்லவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், நாலு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு வாசல் பக்கம் திரும்பி, "சின்னையா, ஜீப்ப எடு. பசிக்குது" என்றாள்.